ஈ-டூ பட்டையில் ஒன்றும் இல்லை

"கொலைகாரன் எது மேடம்?" என்று ஜெபராணி சிஸ்டர் கேட்டார்.

மெஹருன்னிசா மேடம் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எந்தக் கொலை என்றார்.

"என் தங்கச்சியைக் கொன்னது."

சிஸ்டருக்கு நாற்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருஷம் பிரசவ வார்டில் நர்ஸ். தங்கை ஸ்டெல்லா கருப்பை வாய்ப் புற்றுநோயில் போன பிறகு, வேலையை விட்டுவிட்டு எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தவர். மேடம் அவரைவிட ஒன்பது வயது இளையவர். ஆனாலும் குரு குருதான். நான் அங்கே டெக்னீஷியன். என் கை பாட்டுக்குச் சோதனைக் குழாய் கழுவும், காது மட்டும் சும்மா இருக்காது.

கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்குகிற ஹெச்பிவி வைரஸின் புரதங்களைச் சிஸ்டர் ஜெபம் மாதிரி ஒப்பிப்பார். அன்றைக்கும் ஒப்பித்தார். ஈ-சிக்ஸ், செல்லின் காவல்காரனை ஒழித்துக்கட்டுகிறது. ஈ-செவன், செல் பெருகாமல் இருக்கப் போட்ட பூட்டை உடைக்கிறது. ரெண்டில் ஒன்றுதான் ஆள், எது என்று மட்டும் சொல்லுங்கள் என்றார்.

சோதனை என்ன ஆச்சு என்று மேடம் கேட்டார்.

புற்றுநோய் செல்லை அரைத்து, புரதங்களைப் பிரித்து, ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு பட்டையாக வெட்டிச் சாயம் ஏற்றிப் பார்த்திருந்தார் சிஸ்டர். ஈ-சிக்ஸ் பட்டையில் கறுப்பாகக் கோடு. ஈ-செவனில் அதைவிடக் கறுப்பு.

"ஈ-டூ?" என்றார் மேடம். அதுவும் அந்த வைரஸின் புரதம்தான்.

அது சரியாக வரவில்லை, மூன்று தடவை போட்டும் காலிதான், ஈ-டூவைக் காட்டுகிற மருந்து கெட்டுப்போயிருக்கு, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றார் சிஸ்டர். அந்த மருந்தை விற்றவனையும் சேர்த்து ரெண்டு திட்டு திட்டினார்.

மேடம் எழுந்தார். கையுறை மாட்டிக்கொண்டு குப்பைத் தொட்டியைக் காலால் இழுத்தார். இடுக்கியை விட்டுத் துழாவினார். மகாராணி மாதிரி இருக்கிற மனுஷி குப்பையைக் கிளறுவதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

காய்ந்துபோன ஒரு பட்டையை எடுத்து மேஜையில் வைத்தார்.

ஓரத்தைப் பாருங்கள் என்றார். சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஓரத்தில் எப்போதும் சுத்தமான ஈ-டூவைத் தனியாக ஒரு சொட்டு வைப்போம். அந்த இடத்தில் கோடு பளிச்சென்று விழுந்திருந்தது.

மருந்து நல்ல மருந்துதான். செல்லில்தான் ஈ-டூ இல்லை.

சிஸ்டர் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார்.

ஈ-டூவுக்கு என்ன வேலை என்று மேடம் கேட்டார்.

அந்த ரெண்டையும் அடக்கி வைக்கிறது என்று சிஸ்டர் மெல்லச் சொன்னார். கருப்பை வாயில் சின்னக் கீறல் வழியாக வைரஸ் அடித்தோலுக்குப் போகும். ஈ-டூ கூடவே இருந்து ரெண்டையும் அளவோடு வேலை வாங்கும். செல் மேலே ஏறி வரவர வைரஸ் பெருகும், மேல்தோலில் எல்-ஒன், எல்-டூ என்கிற புரதங்கள் அதற்குச் சட்டை தைத்துப் போடும், உதிர்கிற தோலோடு வெளியே போய்விடும். யாரையும் கொல்ல அதற்குத் தேவையே இல்லை.

"இந்தப் புற்றுநோய் செல்லிலேர்ந்து ஒரு வைரஸாவது வெளியே போச்சா?"

"இல்லை மேடம்."

வைரஸின் டிஎன்ஏ நம்முடைய டிஎன்ஏவில் போய்ச் சிக்கும்போது ஈ-டூ இருக்கிற இடத்தில் உடைந்துபோகும். பலரிடம் நடப்பது அதுதான். அடக்க ஆள் இல்லாமல் மற்ற ரெண்டும் ஆடித் தீர்க்கும். வைரஸுக்கும் அதோடு முடிந்தது. இதுவும் சிஸ்டர் வாயிலிருந்தே வந்தது. சொல்லச் சொல்லக் குரல் இறங்கிவிட்டது.

"அப்போ நான் யார்மேல கோபப்படறது?"

வைரஸ் தொற்றியது புற்றுநோயாக மாற எத்தனை வருஷம் ஆகும் என்று மேடம் கேட்டார்.

"பத்து. பதினஞ்சு. அதுக்கு மேலயும் ஆகும்."

"அத்தனை வருஷமும் உங்க தங்கச்சியை டெஸ்டுக்கு யார் கூப்பிட்டாங்க?"

தங்கையைத் தவிர ஊர்ப் பெண்களை எல்லாம் டெஸ்டுக்குக் கையைப் பிடித்து இழுத்து வந்தவர் சிஸ்டர். எனக்கு அழுகை வந்துவிட்டது, தண்ணீர்க் குழாயைக் கொஞ்சம் வேகமாகத் திறந்துவிட்டேன்.

மேடம் அலமாரியிலிருந்து, ஊர் ஊராகப் பெண்களுக்கு டெஸ்ட் எடுக்கிற முகாமின் நோட்டை எடுத்தார். எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம். முகாம் நடத்தப் போகிற எங்கள் பெண்கள் முதலில் தங்கள் சாம்பிளைக் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்களிடம் கேட்க வேண்டும். முதல் பக்கம் எங்களுக்கு. முதல் வரியில் மேடம் பெயர், இரண்டாவதில் என் பெயர். சிஸ்டருக்கான மூன்றாவது வரி பதினொரு மாதமாகக் காலி.

சிஸ்டர் ஒரு தடவை காய்ச்சல் என்றார், ஒரு தடவை நாள் சரியில்லை என்றார். இரண்டு தடவை சாம்பிள் எடுக்கிற பாக்கெட்டை நானே கையில் கொடுத்தேன். டிராயரில் வை, அப்புறம் பார்க்கலாம் என்றார். பயம் என்று எங்களுக்குத் தெரியும். யார் சொல்வது?

மேடம் இடுக்கியால் அந்தப் பட்டையை எடுத்து, மூன்றாவது வரிமேல் வைத்தார். பிறகு மைக்ரோஸ்கோப்புக்குப் போய்விட்டார்.

சிஸ்டர் என்னிடம், டிராயரில் இருக்கிற பாக்கெட்டை எடு என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

பேனா கேட்டார். கொடுத்தேன்.

பட்டையை நகர்த்திவிட்டு மூன்றாவது வரியில் ஸ்டெல்லா என்று எழுதினார்.

எழுதியதைப் பார்த்தார். ஒரே கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் ஜெபராணி என்று எழுதினார்.