வெள்ளாடு பேசிய பேரம்

ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டிக்கு விலை கேட்டு நடந்து நடந்து, பள்ளி மைதானக் காவலாளி செங்கோடனுக்குக் கால் தேய்ந்ததுதான் மிச்சம். கடைக்காரர் குழந்தைவேலு பத்துப் பைசாகூட இறங்கவில்லை.

“புல்லையே பார்க்காத புது வண்டிய்யா! வாங்க வக்கில்லேன்னா அரிவாளால அறுத்துக்க!”

குனிந்து வண்டியின் அடியைப் பார்த்த செங்கோடன், நேரே வீட்டுக்குப் போய்த் தன் வெள்ளாட்டோடு திரும்பினான்.

“கடைக்குள்ள ஆடா? அறிவிருக்கா உனக்கு?”

குழந்தைவேலு கத்தி முடிப்பதற்குள், ஆடு வண்டிக்கடியில் தலையை விட்டு வாய் நிறைய அருகம்புல்லோடு வெளியே வந்தது. கடையிலிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

“இதுதான் புல்லைப் பார்க்காத வண்டிங்களா?”

“மச்சான் தோட்டத்துல சும்மா ஓட்டிப் பார்த்தான்யா... சரி, பழைய வண்டி விலைக்கே எடுத்துத் தொலை!”

அதற்குள் ஆடு அடுத்த வண்டியை நோக்கி நடந்தது.

“இன்னும் குறைச்சுக்கறேன், முதல்ல அதைப் பிடிய்யா!”