பாசி முக்காடு போட்ட கதை

அந்தக் காலத்தில் மீனுக்கும் நண்டுக்கும் வாய் ஓயாது. கண்ணில் படாத அளவுக்குச் சின்னதாக இருந்தவை இன்னும் மோசம், நாள் முழுக்கப் பேசும். கேட்கத்தான் ஆள் வேண்டும்.

தெற்கே கடலை ஒட்டிய ஓர் உப்பளத்தில் மாசானமும் அவன் மனைவி உலகம்மையும் உப்பு விளைவித்து வந்தார்கள். கடல்நீரை மடை வழியாகப் பெரிய பாத்தியில் விட்டு அடைப்பார்கள். வெயில் குடிக்கக் குடிக்க நீரில் உப்பு ஏறும். பதம் வந்ததும் சின்னப் பாத்திக்கு மாற்றுவார்கள். அங்கேதான் உப்பு பூக்கும். முந்தி மாற்றினால் உப்பு பிடிக்காது, பிந்தினால் கசந்துவிடும். பதம் பார்ப்பது உலகம்மையின் நாக்குதான். வருடக்கணக்கில் சொட்டுச் சொட்டாக வைத்துப் பார்த்ததில் அந்த நாக்கு வெடித்துக் கிடந்தது.

அந்தக் கோடையில் அவளுக்கு ஏழாம் மாதம். இனிப்பின் மேல் அப்படி ஓர் ஆசை. மாசானம் பனங்காடு வரைக்கும் வெயிலில் நடந்துபோய் ஒரே ஒரு கருப்பட்டி கொண்டுவந்து கொடுத்தான். ஒரேயடியாகத் தின்று தீர்க்க மனமில்லாமல் அவள் அதைத் தன் சிவப்புச் சேலையின் முந்தியில் முடிந்து வைத்துக்கொண்டாள். அவ்வப்போது முடிச்சை மோந்து பார்ப்பதோடு சரி.

மறுநாள் பெரிய பாத்தியில் கையை விட்டு நீரை அள்ளினாள்.

"யக்கா..."

"யாரது?"

"நாந்தான், பாசி. ஒங்க உள்ளங்கையில லேசாப் பச்சை தெரியுதுல்லா, அது பூராவும் நாங்கதான்."

"மடைய அடைக்கதுக்கு முன்னால மீனு, நண்டு எல்லாம் கடலுக்கு ஓடிருச்சே. நீ மட்டும் இங்கன என்னட்டி செய்யித?"

"அங்க போனா மீனு தின்னுரும், இங்க கெடந்தா உப்பு தின்னுரும். எங்களுக்கு ஓடு கெடையாது, செதிலு கெடையாது, ஒத்தத் தோலுதான். வெளிய உப்பு ஏற ஏற, உள்ள இருக்க தண்ணிய அது உறிஞ்சுது. மேல வெயிலு வேற பொசுக்குது. நாளைக்கு இருப்போமான்னு தெரியலக்கா."

உலகம்மையின் கை தானாக வயிற்றுக்குப் போனது. அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"மடையத் தொறந்து புதுத்தண்ணி விடட்டுமா?"

"மீனும் சேந்துல்லா வரும்!"

"அப்ப என்னதான் செய்ய?"

"உப்பு வெளிய நின்னு இழுக்குல்லா, அதுக்குச் சரியா உள்ள இருந்து தண்ணியப் பிடிச்சு வைக்க ஏதாச்சும் வேணும். உப்பையே உள்ள விட்டா செத்துருவோம்."

உப்பு இல்லாத ஒன்று அவளிடம் அன்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முந்தியை இழுத்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். உப்பில் ஊறி வெடித்த விரல்கள், ஈரத்தில் இறுகிய முடிச்சு. அவிழ்வதாக இல்லை. பாசியின் குரலோ தேய்ந்துகொண்டே வந்தது. அவள் யோசிக்கவில்லை. முந்தியைப் பல்லால் கடித்துக் கிழித்து, முடிச்சோடு பாத்தியில் போட்டுவிட்டாள்.

வரப்பில் நின்ற மாசானம் அலறினான். "ஏட்டி! உப்புத் தண்ணியிலயா கருப்பட்டியப் போட்ட? இனிச்ச உப்ப எவ கொழம்புல போடுவா?"

"கத்தாதிய. ஒரு உசுரு போவுதுன்னு சொல்லுச்சு. பாத்துக்கிட்டு நிக்க முடியல."

ஒரு வருடப் பாடு போச்சே என்று அவன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். ஆசைப்பட்டதை அவள் ஒரு கடி கூடக் கடிக்கவில்லை என்பது அதைவிடச் சுட்டது.

பாத்திக்குள் கருப்பட்டி கரைந்தது. ஆளுக்குத் துளியாகப் பாசிகள் அதை உள்ளே வாங்கிக்கொண்டன, நீரில் ஒரு பொட்டு மிச்சம் வைக்கவில்லை. உள்ளே போன இனிப்பு தண்ணீரை இறுகப் பிடித்துக்கொண்டது. சேலைத்துணி விட்ட சாயத்தை இழுத்து, வெயிலுக்கு ஆளுக்கொரு முக்காடும் போட்டுக்கொண்டன. மூன்றாம் நாள் பாத்தி முழுக்கச் செக்கச்செவேல் என்று நின்றது.

உலகம்மை பயந்துபோய் ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். நல்ல பதம். நீரை மாற்றினார்கள். உப்பு வெள்ளை வெளேரென்று பூத்தது. மாசானம் ஒரு கல்லை வாயில் போட்டுக் கண்ணை மூடினான். கரித்தது. அவன் சிரித்த சிரிப்பில் வரப்பு நாரைகள் பறந்துபோயின.

"யக்கா, இனிமே நாக்கு வைக்காதிய," என்றது பாசி. "நாங்க முக்காடு போட்டா பதம் வந்துருச்சுன்னு வச்சுக்கோங்க."

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. பெரிய பாத்தியிலிருந்து மறுபடியும் முனகல். உலகம்மை கைப்பிள்ளையை மாசானத்திடம் கொடுத்துவிட்டு ஓடினாள்.

"யக்கா, மழை விழுந்து இப்ப தண்ணியில உப்பே இல்லாமப் போச்சு. உள்ள இருக்க கருப்பட்டி அத இழுத்து இழுத்து ஊதிப்போனோம். தோலு வெடிச்சிரும் போல இருக்கு."

"அப்ப அத வெளிய விட்டுர வேண்டியதுதான?"



"வயித்துப்பிள்ளைக்காரி, ஆசையா வச்சிருந்ததக் குடுத்தீய. அதக் கொட்டிவிட மனசு வரலக்கா."

உலகம்மை கொட்டும் மழையில் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்து, அந்த நீரை இரண்டு கையாலும் அள்ளினாள்.

"கோட்டிக்காரி! கட்டிப்பிடிச்சுக்கிட்டுச் சாவவா குடுத்தேன்? பொழைக்கத்தான குடுத்தேன். விட்டுரு."

"அடுத்த கோடைக்கு?"

"ருசிதான் தெரிஞ்சுபோச்சே. இனி ஒனக்கே செய்ய வரும்."

அவள் கைக்குள்ளேயே சிவப்பு மெல்ல வெளுத்து, பச்சை துளிர்த்தது.

அன்றிலிருந்துதான் உப்பளத்து நீர் கோடையில் சிவப்பதும், மழை விழுந்தால் பச்சைக்குத் திரும்புவதும். உப்பு ஏற ஏற அந்தச் சின்னப் பாசி தனக்கு வேண்டிய இனிப்பைத் தானே உள்ளே செய்துகொள்கிறது. மழையில் உப்பு குறைந்த நாளில் அதைத் தயங்காமல் விட்டும் விடுகிறது.