காற்று குடித்த பீப்பாய்

இப்போதெல்லாம் குடிப்பதற்கும் ஆட்கள் பாடம் கேட்கிறார்கள். கோப்பையைச் சுழற்றுகிறார்கள், மூக்கை உள்ளே விடுகிறார்கள், கண்ணை மூடுகிறார்கள். தாகமா சளியா என்றே தெரியவில்லை. இந்தக் கூத்து புதிதல்ல. முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கும் இருந்தது.

கடல் வணிகன் ஒருவன் அவருக்கு ஒரு பீப்பாய் தெக்கீலா கொடுத்தான். கற்றாழையின் அடிக்கட்டையைக் குழியில் சுட்டு, நசுக்கி, வடித்து, மரப்பீப்பாயில் வருஷக்கணக்காகக் கிடத்திய சாராயம்.

"கிடக்கக் கிடக்க ருசி ஏறும் மன்னா. ஆனால் வருஷத்துக்குக் கொஞ்சம் காற்று குடித்துவிடும்" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினான்.

ராஜா பௌர்ணமிக்கு ஒரு மிடறுதான் குடிப்பார். குடித்துவிட்டு, "வெல்லப்பாகு... சுட்ட பலாக்கொட்டை... நனைந்த குதிரைச்சேணம்..." என்பார். சபையே "ஆமாம், சேணம், சேணம்!" என்று நாக்கைச் சப்புக்கொட்டும்.

பீப்பாய்க்குக் காவல் தீர்த்தகிரி என்ற பிரதானி. எந்நேரமும் பச்சை வெங்காயம் மெல்லுகிற மனுஷர். யாரும் கிட்டே போகமாட்டார்கள்.

வருஷம் முடிந்து பார்த்தால் பீப்பாயில் பாதி இல்லை.

"காற்று குடித்துவிட்டது மன்னா" என்றார் தீர்த்தகிரி.

"என் உத்தரவில்லாமலா? அந்தக் காற்றைக் கட்டி இழுத்து வாருங்கள்!"

"அதற்கு நம் விகடகவி அம்பலவன்தான் சரியான ஆள், மன்னா." அம்பலவன்மேல் தீர்த்தகிரிக்கு வெகுநாள் எரிச்சல்.

"அம்பலவா, நாளைக்கு அந்தக் காற்று என் சபைக்கு வரவேண்டும். இல்லையென்றால் உன்னைப் பீப்பாயில் அடைத்துக் கடலில் உருட்டிவிடுவேன்!"

மறுநாள் அம்பலவன் ஒரு தோல்பையோடு வந்தான். முகம் வாடியிருந்தது.

"மன்னா, ஊர்க்காற்றை எல்லாம் விசாரித்தேன். தென்றலில் மாம்பூ வாசம், கடற்காற்றில் கருவாட்டு நாற்றம். ஒன்றுகூடக் குடித்திருக்கவில்லை. கடைசியாக ஒன்றைப் பிடிக்கப் பார்க்கிறேன். பை சுருங்கிக் கிடக்கிறது. பயத்தில் எனக்கு மூச்சே வரவில்லை. பிரதானியாரே, கொஞ்சம் ஊதி விரித்துக் கொடுங்களேன்."

"கொடும் இங்கே! சீக்கிரம் பிடியும், பீப்பாய் காத்திருக்கிறது" என்று தீர்த்தகிரி கன்னம் புடைக்க ஊதினார்.

அம்பலவன் படக்கென்று பையைப் பிடுங்கி வாயைக் கட்டினான். "பிடித்துவிட்டேன் மன்னா!"

நேராகப் போய் ராஜாவின் மூக்கடியில் பையை அமுக்கினான். ராஜா பழக்கதோஷத்தில் கண்ணை மூடினார்.

"வெல்லப்பாகு... சுட்ட பலாக்கொட்டை... ஆகா, சேணம்! அதென்ன, வெங்காயம்?"

"அது மட்டும் பிரதானியாரின் சொந்தச் சரக்கு மன்னா."

ராஜா கிரீடம் கழன்று விழச் சிரித்தார். பையைச் சிறையில் போட்டார். அது குடியிருந்த வீடு என்று தீர்த்தகிரியையும் பக்கத்திலேயே போட்டார். விடிந்தபோது பை சுருங்கிக் கிடந்தது. கைதி தப்பிவிட்டதென்று காவலன் ஊரெங்கும் தேடினான்.

அம்பலவனுக்குப் பொற்சங்கிலி கிடைத்தது. பீப்பாய்க் காவலும் கிடைத்தது.

அடுத்த வருஷமும் பீப்பாயில் கொஞ்சம் குறைந்திருந்தது. "காற்று மன்னா" என்றானாம் அம்பலவன், வாயில் ஏலக்காயை அடக்கிக்கொண்டு. ராஜா நம்பிவிட்டார்.

நான் நம்பவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டாயிற்று. வருகிறேன்.