பூவாயியின் தொண்டைப் பை

ஏரி நடுவே ஒரு திட்டில் கொண்டையன், வெள்ளையம்மா என்று இரண்டு கூழைக்கடாப் பறவைகள் குடியிருந்தன. குடியிருந்தன என்பதைவிடச் சண்டையிட்டன என்பதே பொருத்தம். கூட்டில் ஒரு குச்சி சாய்ந்தாலும் குருக்ஷேத்திரம்தான். ஒருநாள் கொண்டையன், "இனி உன் முகத்துல முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மேற்குத் திட்டுக்குக் குடிபோனது.

பிரிந்ததில் தப்பில்லை. ஏரியே கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. ஆனால் ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்காதாம், பேசாமலும் இருக்காதாம்! நடுவில் அகப்பட்டது அவற்றின் ஒரே குஞ்சு, பூவாயி. அதற்கு இன்னும் பறக்கத் தெரியாது. நீந்தத்தான் தெரியும்.

"போய் உங்கம்மாகிட்டச் சொல்லு, அவ பிடிக்கிற மீனைப் பூனைகூட மோந்து பார்க்காதுன்னு" என்றது கொண்டையன்.

பூவாயி நீந்திப் போனது. வெள்ளையம்மா கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தது.

"என்ன சொன்னாரு உங்கப்பா?"

"சாப்பிட்டியான்னு கேட்டாரும்மா."

"கேட்பாரு, கேட்பாரு. கொண்டையைக் கோதுற நேரத்துல பாதியாவது குடும்பத்தைப் பார்த்திருக்கலாம்னு போய்ச் சொல்லு."

பூவாயி திரும்ப நீந்தியது. "அம்மா உன்னை உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுச்சுப்பா."

அப்படியானால் உண்மையான சொற்கள் எங்கே போயின? முதல் நாள் ஒன்றைத் தண்ணீரில் துப்பிப் பார்த்தது பூவாயி. தவளைகள் அதைப் பொறுக்கிக்கொண்டு காலை முழுக்க ஏரி அதிரக் கத்தின. குடும்ப மானம் கப்பலேறியது. அன்றிலிருந்து எல்லாவற்றையும் தன் அலகுக்குக் கீழே தொங்கும் பைக்குள் அடக்கி வைத்தது. கெட்டிக்காரப் பிள்ளைதான். கெட்ட சொல் காதில் விழாவிட்டால் இரண்டும் ஒருநாள் சேர்ந்துவிடும் என்று அதற்கு ஓர் எண்ணம்.

கூழைக்கடா வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை நன்றாக இருக்கிறதா என்று பிள்ளையைக் கேட்பதில்லை. பையைப் பார்ப்பார்கள். பை புடைத்திருந்தால் வயிறு நிறைந்திருக்கிறது என்று பொருள். அதோடு விசாரணை முடிந்தது.

"அங்க கெண்டையாக் கொட்டுறாரோ?" என்று வெள்ளையம்மா மீனைக் குறைத்தது.

"உங்கம்மா வீட்டு விருந்து பலமோ?" என்று கொண்டையனும் குறைத்தது.

கிடைத்த ஒன்றிரண்டு மீனும் பையில் இடமில்லாமல் வழுக்கி வெளியே விழுந்தன. பூவாயியின் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. தூக்கமும் போயிற்று. ஒரு கண் கிழக்கே, ஒரு கண் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தால் எங்கிருந்து தூக்கம் வரும்? பாவம், பசிக்கிறது என்று சொன்னால் அதற்கும் ஒரு சண்டை வரும் என்று பயந்து வாயே திறக்கவில்லை.

பங்குனி வெயிலில் ஏரி வற்றத் தொடங்கியது. பறவைக் கூட்டம் வடக்கே கிளம்பியது. கிளம்ப முடியாதவர்களுக்காகக் கரையில் நரி காத்திருந்தது. அதற்கும் பிள்ளைகுட்டிகள் உண்டு, அதைக் குற்றம் சொல்ல முடியாது.

பூவாயி ஓடி ஓடிச் சிறகடித்தது. எழ முடியவில்லை. மூன்றாம் முறை குப்புற விழுந்ததும் பெற்றவை இரண்டும் பதறிப் பறந்து வந்தன.

"நீங்க ஊட்டி ஊட்டித்தான் பிள்ளை இப்படிக் கனத்துப் போச்சு!"

"நானா? நீதான்டி பையை ரொப்பி அனுப்புன!"

சத்தம் கேட்டு நத்தைகுத்தி நாரை வந்தது. ஓட்டுக்குள் ஒளிந்த நத்தையையே வெளியே இழுக்கும் மூக்கு அதற்கு. ஏரிக்கே அதுதான் வைத்தியர்.

"ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க. பாப்பா, ஆ காட்டு."

நாரை மூக்கை விட்டு இழுத்தது. மீன் வரவில்லை. "பூனைகூட மோந்து பார்க்காது" வந்து விழுந்தது. பின்னாலேயே "கொண்டையைக் கோதுற நேரத்துல" விழுந்தது. "உன்னைக் கட்டினது என் தலையெழுத்து" விழுந்தது. "பிள்ளை மட்டும் இல்லேன்னா என்னைக்கோ போயிருப்பேன்" விழுந்தது. இரண்டுக்கும் தத்தம் குரல் அடையாளம் தெரிந்தது. சேற்றைப் பார்த்தபடி நின்றன.

அடியில் ஒட்டியிருந்த கடைசிச் சொல்லை நாரை மெதுவாகப் பெயர்த்து எடுத்தது. அது பெற்றவர்கள் சொன்னதல்ல. பூவாயியின் சொந்தச் சொல்.

"என்னாலயா?"

அந்தச் சொல்லை ஒரு தவளைகூடப் பொறுக்கவில்லை.

"இல்ல தங்கம்" என்றது கொண்டையன்.

"உன்னால இல்ல கண்ணு. எங்களாலதான்" என்று வெள்ளையம்மா முடித்தது.

கொண்டையன் நரியை விரட்டியது. வெள்ளையம்மா மீன் ஊட்டியது. மறுநாள் முறை மாறியது. ஒன்பதாம் நாள் பூவாயி எழும்பிப் பறந்தது. பெற்றோர் மறுபடி ஒரு கூட்டில் சேரவில்லை. சேர வேண்டிய அவசியமும் இல்லை. சொல்ல வேண்டியதை இனி ஒன்றிடம் ஒன்று நேரே சொல்லிக்கொண்டன, அவ்வளவுதான்.

பூவாயி வளர்ந்து, அதற்கும் குஞ்சுகள் பிறந்தன. ஆனாலும் பக்கத்துத் திட்டில் யாராவது குரலை உயர்த்தினால் போதும், அதன் பை சுருங்கிக்கொள்ளும், மீன் இறங்காது. நாரையிடம் போய்க் காட்டியது.

"சொல்லையெல்லாம் எடுத்துட்டேன் தாயி. அது கிடந்த இடத்துத் தழும்பை எடுக்க என் மூக்கால ஆகாது" என்றது நாரை.

வீடு திரும்பிய பூவாயி, குஞ்சுகளின் பையைப் பார்க்கவில்லை. "இன்னைக்கு மனசுல என்ன கண்ணுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் மீனை எடுத்தது.

பிரிந்துபோகும் பெற்றோர் தங்கள் சண்டையைப் பிள்ளையின் வாயில் கொடுத்தனுப்பினால், சண்டை ஓய்ந்த பிறகும் பிள்ளையின் உடம்பு அதைச் சுமந்துகொண்டே இருக்கும்.