மூன்று படிகள் எங்கே?

சுவரில் ஆணி அடித்தாலும் “வரைபடத்தில் இருக்கா?” என்று கேட்கிறவர் பேரூராட்சிக் கட்டட ஆய்வாளர் தணிகாசலம். அவரிடம் போய் மாட்டினாள் இஸ்திரி போடும் முத்துப்பேச்சி. மழை பெய்தால் தெருத்தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடுகிறது, தரையை உயர்த்த அனுமதி வேண்டும் என்று மனு கொடுத்திருந்தாள்.

ஆய்வாளர் நேரிலேயே வந்து பழைய வரைபடத்தை விரித்தார். “தெருவிலேர்ந்து மூணு படி ஏறினா வீடுன்னு இதுல இருக்கு. நீ ரெண்டு படி இறங்கிப் போறே. யாரைக் கேட்டு வீட்டைத் தாழ்த்தினே? அந்த மூணு படியைக் காட்டு. இல்லேன்னா இடிச்சிடுவேன்.”

“காட்டுறேன் சார். நாளைக்கு வாங்க.”

மறுநாள் வாசலை ஒட்டி ஒரு குழி இருந்தது. பக்கத்தில் கடப்பாரையோடு முத்துப்பேச்சி நின்றாள். ஆய்வாளர் எட்டிப் பார்த்தார். தார், ஜல்லி, அதன் கீழே மறுபடி தார், மறுபடி ஜல்லி. எல்லாவற்றுக்கும் அடியில் மூன்று படிகள், பூசிய காவிகூட மங்காமல்.

“வீடு வரைபடத்துல இருக்குற எடத்துலயேதான் இருக்கு சார். யாரையும் கேக்காம உசந்தது நீங்க நிக்கிற ரோடு. அதை எப்ப இடிக்கப் போறீங்க?”

ஆய்வாளர் குனிந்து தன் காலடியைப் பார்த்தார். அப்புறம் இஸ்திரி மேசைமேலேயே மனுவை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.