கோலமாவுத் தோணி

ஏ பிள்ளைகளா, ஆளுக்கொரு குச்சியை எடுத்துக்கிட்டு இங்கன நிழலாப் பாத்து உக்காருங்க. வத்தல் காயுற வரைக்கும் காக்கா ஓட்டணும். சும்மா ஓட்டினா தூக்கம் வரும், அதனால ஒரு கதை. ஆனா கதை கேக்குற சாக்குல காக்காயை விட்டீங்க, மிளகு வத்தல் ஒண்ணு கிடையாது உங்களுக்கு, ஆமா.

ஒரு ஊர்ல, கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிச்ச ஒரு சின்ன ஊர்ல, கொண்டல்முத்து கொண்டல்முத்துன்னு ஒருத்தன் இருந்தான். அவன் பொண்டாட்டி பேரு சீனியம்மா. பிள்ளை குட்டி கிடையாது, ஒரு கோழி உண்டு, அதுக்குப் பேரு சொக்கி. குடியிருக்க ஒரு ஓலை வீடு, வீட்டுக்குப் பின்னால ஒரு கிணறு. அந்தக் கிணத்தை நல்லா ஞாபகம் வச்சுக்கிடுங்க. ஊர்ல எங்கன தோண்டினாலும் தண்ணி உப்புக் கரிக்கும், இந்த ஒரு கிணத்துல மட்டும் இளநியாட்டம் தண்ணி. ஊரே வந்து இறைச்சுக்கிட்டுப் போகும். சீனியம்மா ஒருத்தர்கிட்டயும் காசு வாங்கினதில்ல. "பூமி குடுக்குது, நான் என்ன சுமந்துக்கிட்டு வந்தா ஊத்துனேன்"ம்பா.

கிணறு நல்ல கிணறு, வீடுதான் ஓட்டை வீடு. ஒரு மழைக்கு ஒரு இடத்துல ஒழுகுச்சு, சட்டியை வச்சாங்க. மறு மழைக்கு ரெண்டு இடத்துல ஒழுகுச்சு, அண்டாவை வச்சாங்க. மூணாவது மழைக்கு எங்கன ஒழுகலைன்னு தேடி அந்த இடத்துல ரெண்டு பேரும் கோழியும் உக்காந்தாங்க. அப்பதான் கொண்டல்முத்து சொன்னான், "ஏளா, வருசா வருசம் தண்ணி நம்ம வீட்டுக்குள்ள வருது. நாமளே தண்ணிக்குள்ள போயிட்டா என்ன? ஒரு பாய்மரத் தோணியில குடியேறிருவோம். ஊர் ஊராப் போவோம், கருவாடு ஏத்துவோம், இறக்குவோம், பிழைச்சுக்கிடுவோம்."

வேற எவளாவது இருந்தா தலையில கரண்டியால ஒண்ணு போட்டிருப்பா. சீனியம்மா போடல. "போலாம்தான். எனக்கும் இந்தச் சட்டியைக் கவுத்து நிமித்தி அலுத்துப் போச்சு. ஒரு வருசம் இருந்து பாப்போம். ஆனா கடல்ல நடுவழியில கடை கிடையாது. என்ன வேணும், எவ்வளவு வேணும், முதல்ல கரையிலயே பாத்துக்கிடுவோம்"னா.

அவ என்ன செஞ்சா தெரியுமா? மறுநாள் விடியவும் கோலமாவு டப்பாவை எடுத்தா, முத்தத்துல பதினாறு முழம் நீளம், அஞ்சு முழம் அகலம், இந்தப் பக்கம் கூர், அந்தப் பக்கம் மழுக்கு, அச்சு அசலா ஒரு தோணியை வரைஞ்சிட்டா. "ஏங்க, உள்ள வாங்க. கோட்டுக்கு இந்தப் பக்கம் தோணி, அந்தப் பக்கம் கடல். பத்து நாள் கோட்டைத் தாண்டாம இருந்துட்டோம்னா நிசத் தோணிக்குப் போவோம்"னா.

காலைக்கடனுக்கு எங்க போனாங்கன்னு கேக்குதியா மலரு? கேப்பேன்னு தெரியும். அதுக்கு மட்டும் விடுதலை. வாயை மூடிக்கிட்டுக் கேளு.

முதல் தடவை. மத்தியானம் வெயில் மண்டையைப் பிளக்குது. கொண்டல்முத்து எந்திரிச்சு நேரா கிணத்துக்கு நடந்தான், ஒரு செம்பு மொண்டான், குடிச்சான். சீனியம்மா நெஞ்சுல அடிச்சுக்கிட்டு, "ஐயோ, முங்கிட்டீகளே!"ன்னு கத்துனா. பக்கத்து வீட்டுக்காரிங்க பதறி ஓடியாந்து பாத்தா, அவன் செம்பும் கையுமா நிக்கான். ஒரே சிரிப்பு. ஆனா கணக்கு ஒண்ணு கிடைச்சுச்சு பாத்தீங்களா? ஆளுக்கு ஒரு நாளைக்கு அரைக்குடம், பத்து நாளைக்குப் பத்துக் குடம், சொக்கிக்குத் தனியா ஒரு செம்பு. பத்துக் குடத்தையும் கோட்டுக்குள்ள அடுக்கி வச்சாங்க.

அப்புறம் முதல்ல இருந்து திரும்பவும் ஆரம்பிச்சாங்க. ரெண்டாம் தடவை. மூணாம் நாள் நல்ல காத்து. அடுப்புல இருந்து ஒரு பொறி பறந்து சுருட்டி வச்சிருந்த படுக்கைப் பாயில விழுந்துச்சு. கொண்டல்முத்து அலறி அடிச்சுக் கோட்டைத் தாண்டி ஓடினான். "ஐயோ, முங்கிட்டீகளே!" உடனே ஒரு மரப்பெட்டியில மணலைக் கொட்டி, நடுவுல அடுப்பைப் பதிச்சாங்க. பெட்டி வைக்க இடம் வேணுமே? அவன் ஆசையா எடுத்து வச்சிருந்த ஆட்டுக்கல்லு வெளிய போச்சு, பெரிய பித்தளை அண்டா வெளிய போச்சு, அவன் மாமனார் சீதனமாக் குடுத்த கட்டில் வெளிய போச்சு. கட்டில் போகும்போது மட்டும் அவனுக்குக் கண்ணு கலங்கிருச்சு.

திரும்பவும் ஆரம்பிச்சாங்க. மூணாம் தடவை. ஏழாம் நாள் ரசத்துல உப்பு இல்லன்னு ஒரு சண்டை. அவன் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு விறுவிறுன்னு நடந்தான். "ஐயோ, முங்கிட்டீகளே! கடல்ல கோவிச்சுக்கிட்டு எங்க போவீக?" அவன் அப்படியே நின்னுட்டான். ஆமால்ல? அப்பதான் அவ கூர் முனையில ஒரு பலகையைப் போட்டா. அதுக்குக் கோவப்பலகைன்னு பேரு வச்சா. யாருக்குக் கோவம் வந்தாலும் அதுல போயி முதுகைக் காட்டி உக்காந்துக்கிடணும், அடுத்தவங்க பேசக் கூடாது. குடித்தனத்துக்கு அரிசி பருப்பைவிட அது முக்கியம். உங்க தாத்தா இருந்தப்போ எனக்கும் ஒண்ணு தேவைப்பட்டுச்சு.

ஏலே, காக்கா! ஓட்டு, ஓட்டு. ம்.

நாலாம் தடவை பத்து நாளும் தாண்டாம இருந்துட்டாங்க. சீனியம்மா ஏழு வருசமா ஓலை மாத்தச் சேத்த காசை எடுத்து, சேலை முந்தானையில மூணு முடிச்சாப் போட்டா. ஒரு முடிச்சு வயித்துக்கு. ஒரு முடிச்சு தோணிக்கு, பாய் கிழியும், கயிறு அறும், பாத்துக்கிடணும்ல. மூணாவது முடிச்சு எதுக்குன்னு அவன் கேட்டான். "தெரியாததுக்கு"ன்னா.

"தெரியாததுக்கா? தெரியாததுக்கு எப்படிளா காசு ஒதுக்குவ?"

"தெரிஞ்சா அதுக்குத்தான் பேரு வச்சிருப்பேனே"ன்னா.

எல்லாம் சரி, தோணி வாங்கத்தான் காசு இல்ல. அந்த ஊர்ல ஏகாம்பரம்னு ஒரு மண்டிக்காரன் இருந்தான். எடைக்கல்லு ஏகாம்பரம்னுதான் சொல்லுவாங்க, அவன் தராசுல ஈ உக்காந்தாலும் அதுக்கும் சேத்து வாங்கிருவான். அவனுக்கு அந்தக் கிணத்து மேல ரொம்ப நாளாக் கண்ணு. இவங்க கோலமாவுக் கூத்தைக் கேள்விப்பட்டு, கொண்டல்முத்துவைக் கூப்பிட்டு விட்டான்.

"என்னவே கொண்டல்முத்து, தோணிதானே வேணும்? எங்கிட்ட ஒண்ணு சும்மா கிடக்கு, எடுத்துக்கிடும், காசே வேண்டாம். கரையில நின்னு, மூணு சாட்சி முன்னால, நீரும் உம்ம வீட்டுக்காரியும் 'போறோம்'னு வாயாலே சொல்லிட்டு ஏறும். சொன்ன நிமிசத்துல வீடும் கிணறும் என்னோடது. நாளைக்கு வந்து வழக்குப் பேசக்கூடாது பாரும், அதுக்குத்தான் வாய் வார்த்தை."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி வீடு உம்மது, தோணி என்னோடது."

நம்ம ஆளு ஒத்த வார்த்தைதானேன்னு வெத்தலை பாக்கு மாத்திட்டு, பல்லெல்லாம் சிவக்க வீட்டுக்கு வந்தான். சீனியம்மாவுக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "ஊரு குடிக்கிற தண்ணியை ஒரு வெத்தலையில மடிச்சுக் குடுத்துட்டு வந்துட்டீகளே! இனி இந்தப் பிள்ளைங்க எங்கன போயிக் குடிக்கும்?"னு அழுதா. கோலமாவுத் தோணியிலயே ஏறி, கோவப்பலகையில போயி உக்காந்துட்டா. பொழுது சாயுற வரைக்கும் பேசல. அப்புறம் மெல்லத் திரும்பி, "அவரு கேட்டது என்ன வார்த்தை? மாறாமச் சொல்லுங்க"ன்னா.

"போறோம்."

"இன்னொரு தடவை?"

"போறோம்."

"இன்னொரு தடவை?"

"போறோம்ங்கேன்!"

அவளுக்குச் சிரிப்பு வந்துருச்சு. "சரி, குடத்தை எடுத்துக் கழுவுங்க. நான் பொய்யும் சொல்ல மாட்டேன், அவரு கேட்டதையும் சொல்ல மாட்டேன். எங்க ஆத்தா என்ன சொல்லக் கத்துக்குடுத்தாளோ அதைச் சொல்லிட்டு ஏறுதேன். தோணிக்கு வாடகை குடுத்துக்கிடுவோம்"னா.

கிளம்புற நாள் வந்துச்சு. ஊரே கரையில. ஏகாம்பரம் ஒரு கையில பூட்டு, ஒரு கையில சாவி, மூணு சாட்சியோட நிக்கான். "சொல்லுங்க, சொல்லுங்க"ன்னு பறக்கான். சீனியம்மா பக்கத்து வீட்டுக்காரிங்களைக் கும்பிட்டு, "போயிட்டு வாரோம் அக்கா"ன்னா. அவங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "போயிட்டு வாங்க"ன்னாங்க. பெரியவங்க கால்ல விழுந்து, "போயிட்டு வாரோம் ஐயா"ன்னா. "போயிட்டு வாங்க தாயி"ன்னாங்க. கடைசியா ஏகாம்பரத்துக்கு நேரா வந்து நின்னு, சத்தமா, மூணு சாட்சிக்கும் கேக்குற மாதிரி, "போயிட்டு வாரோம் அண்ணாச்சி"ன்னா. கொண்டல்முத்துவும், "போயிட்டு வாரோம்"னான்.

ஏகாம்பரத்துக்குக் காதுல பாதிதான் விழுந்துச்சு. "சரி சரி, போயிட்டு வாங்க"ன்னுட்டு, பூட்டைத் தூக்கிக்கிட்டுக் கிணத்தைப் பாத்து ஓடிட்டான். என்னலே சிரிக்கீங்க? பிடிச்சிட்டீங்களா? பிடிச்சாலும் சொல்லாதீங்க, நான் சொல்லுதேன்.

ரெண்டு பேரும் ஒரு வருசம் கடல்லயே இருந்தாங்க. கருவாடு ஏத்துனாங்க, இறக்குனாங்க, தேங்காய் ஏத்துனாங்க, இறக்குனாங்க. மழை பேஞ்சா சட்டி வைக்க வேண்டியதில்ல, சந்தோசமாக் குடத்தை வச்சுப் பிடிச்சாங்க. கோவப்பலகையில அவன் பதினோரு தடவை உக்காந்தான், அவ ஒன்பது தடவை, சொக்கி தினமும் உக்காந்து முட்டை போட்டுச்சு. முதல் முடிச்சு அவுந்துச்சு, ரெண்டாவது முடிச்சு அவுந்துச்சு, சம்பாதிச்சு மறுபடியும் முடிச்சுப் போட்டாங்க. மூணாவதை அவ தொடவே இல்ல.

ஒரு வருசம் கழிச்சு ஊருக்கு வந்தா, கிணத்தைச் சுத்தி முள்வேலி, வாசல்ல பூட்டு, குடம் ஒரு பணம்னு விக்கான் ஏகாம்பரம். காசு இல்லாத வீட்டுப் பிள்ளைங்க உதடு வெடிச்சுப் போயி நிக்கு. சீனியம்மாவுக்கு வயிறு எரிஞ்சுச்சு. அன்னைக்கே சாட்சி மூணு பேரையும் கூட்டிக்கிட்டு ராசாகிட்டப் போனாங்க.

ராசா ஏகாம்பரத்தைக் கூப்பிட்டுக் கேட்டாரு. "போறோம்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க மகாராசா."

சாட்சிகளைக் கேட்டாரு. மூணு பேரும், "போயிட்டு வாரோம்னுதான் சொன்னாங்க மகாராசா"ன்னாங்க.

ஏகாம்பரம் விடல. "எல்லாம் ஒண்ணுதான் மகாராசா. வார்த்தைக்கு ஒரு 'வாரோம்' சேத்துக்கிடுறது. அதுக்கு அர்த்தமா பாக்க முடியும்?"

ராசா மீசையைத் தடவினாரு. "அதுவும் சரிதான். ரெண்டும் ஒண்ணுதான். கிணறு உனக்கே. நீ போ"ன்னுட்டாரு.

சீனியம்மா அப்படியே உறைஞ்சு போயி நின்னா. ஏகாம்பரத்துக்குத் தலை கால் புரியல. விழுந்து கும்பிட்டு, "போயிட்டு வாரேன் மகாராசா"ன்னான்.

"நில்லு. நான் போன்னுதானே சொன்னேன்? நீ எதுக்கு 'வாரேன்'னு சொல்லுத?"

"அது... அரண்மனை வாசல்ல நின்னு போறேன்னு எப்படி மகாராசா சொல்லுவேன்? திரும்ப வராதவன் சொல்லுத வார்த்தை இல்ல அது? அபசகுனமால்ல போயிரும்..."

சொல்லி முடிக்கும்போதே அவன் முகம் வெளுத்துப் போச்சு. சபையே கொல்லுனு சிரிச்சுச்சு.

"அர்த்தம் உன் வாயாலயே வந்துருச்சு. வாரோம்னாங்க, வந்துட்டாங்க. வீடும் கிணறும் அவங்களது"ன்னாரு ராசா. அப்புறம் சீனியம்மாவைப் பாத்து, "ஆனா நீ ஒரு வருசம் அவன் தோணியில இருந்திருக்க தாயி"ன்னாரு.

சீனியம்மா மூணாவது முடிச்சை அவுத்து, வாடகையை எண்ணி வச்சா. "ஏங்க, தெரியாதது எதுன்னு கேட்டீகளே, இதுதான்"னு புருசன்கிட்டச் சொன்னா.

ஏகாம்பரத்துக்குத் தண்டனை? ஒரு வருசம் தண்ணி வித்தான்ல, ஒரு வருசம் அவனே அந்தக் கிணத்துல இறைச்சு, வீடு வீடாச் சுமந்து ஊத்தணும்னு தீர்ப்பு. ஊத்திட்டுக் கிளம்பும்போது பழக்க தோசத்துல, "போயிட்டு வாரேன்"ம்பான். உடனே அந்த வீட்டுக்காரி, "வாரேன்னு சொன்னீகளே அண்ணாச்சி, இன்னொரு குடம் கொண்டுக்கிட்டு வாங்க"ம்பா. அடுத்த வீட்டுலயும் "போயிட்டு வாரேன்", அடுத்த வீட்டுலயும் இன்னொரு குடம். அதுக்கடுத்த வீட்டுல அவன் வாயை இறுக்கிப் பொத்திக்கிட்டு நின்னான். அந்த வீட்டுப் பாட்டையா, "என்னய்யா, சொல்லாமக் கொள்ளாமப் போறீரு, நல்லா இருக்கா?"ன்னு கேட்டாரு பாருங்க. அவன் மானம் பொறுக்காம, "போயிட்டு வாரேன் ஐயா"ன்னுட்டான். இன்னொரு குடம்.

கொண்டல்முத்துவும் சீனியம்மாவும் சொந்தமா ஒரு தோணி கட்டினாங்க, பத்துக் குடம், மணல் அடுப்பு, கோவப்பலகை எல்லாத்தோடயும். கிணத்தைப் பூட்டாம ஊருக்கு விட்டுட்டு, வருசா வருசம் போனாங்க, வருசா வருசம் வந்தாங்க.

தோணி துறையில, கதை உங்க காதுல, வத்தல் வெயில்ல. கோடு போட்டுப் பாத்துக் கிளம்புறவனுக்குக் கடல் முழங்கால் ஆழம், ஊரு தண்ணியைப் பூட்டுறவனுக்குக் குடம் மலைக் கனம். அவ்வளவுதான், எந்திரிங்க. ஏலே, எங்க ஓடுத? விளையாடப் போறியா? வாசல்ல நின்னு என்ன சொல்லணும்?

ம். அப்படிச் சொல்லு. போயிட்டு வா ராசா.