அதிகார வரம்பு

ஓய்வுபெற்ற நீதிபதி ஆளவந்தார் ஆசிரமத்தில் சேர்ந்தபோது அவருக்கு அறுபத்திரண்டு வயது. குரு அவரைவிட இருபது வயது இளையவர்.

ஒரு நாள் காலை, கீரை ஆய்ந்துகொண்டிருந்த குருவின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“சுவாமி, சட்டப்படி சரியாகச் செய்த காரியம் ஏன் மனத்தை உறுத்துகிறது?”

“என்ன காரியம்?”

ஆளவந்தார் சொன்னார். கடலோரத்தில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் ரசாயன ஆலை. தொட்டி வெடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவனின் மனைவி பூங்காவனம் வழக்குப் போட்டாள். வழக்கு விசாரணைக்கு வருவதற்குள், இங்கே ஆலையை நடத்திய கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள். மிஞ்சியது கடல் கடந்த தாய்க் கம்பெனி மட்டும். அதை விசாரிக்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று அவர் தீர்ப்பு எழுதினார்.

“அந்த அம்மா இப்போது எங்கே?”

“அதே ஊரில்தான் இருப்பாள்.”

“போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.”

மூன்றாம் நாள் ஆளவந்தார் திரும்பினார்.

“பார்த்தீர்களா?”

“பார்த்தேன், சுவாமி. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். ‘வாங்கய்யா’ என்று சொல்லி, ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.”

“பிறகு?”

“வழக்குக் காகிதங்களை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். ‘இந்தக் கோர்ட்டுல நடக்காதுன்னு சொன்னீங்க. எந்தக் கோர்ட்டுல நடக்கும்யா? ஆறு வருசமா கேக்குறேன், ஒருத்தருக்கும் தெரியல. பஸ்ஸா ரயிலா, எதுல போவணும்னு சொல்லுங்க, போயிடுறேன்’ என்றாள்.”

ஆளவந்தார் தொடர்ந்தார்.

“நான் அழுதுவிட்டேன், சுவாமி. கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.”

“மன்னித்தாரா?”

“உடனே மன்னித்துவிட்டாள். ‘நீங்க என்னய்யா பண்ணுவீங்க, பாவம்’ என்றாள். குடிக்க மோர் கொடுத்தாள். பஸ் ஏறும்வரை கூடவே வந்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன்.”

குரு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்கள் கேட்டது உங்களுக்குக் கிடைத்துவிட்டது,” என்றார். “அந்த அம்மா கேட்டது?”